நாற்றின் வரவும் செலவும்



உடையார்பாளையம் பகுதியில் மாசியில் விதைத்த தக்காளி நாற்று பங்குனியில் நடவுக்கு வந்துவிடும். நிழல்வலைக் குடிலில் இருந்தவரை பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்ற நாற்று, வயலில் நட்ட மறுநாள் நண்பகலில் தலை தொங்கிக் கிடப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காலடியில் ஈரம் இருக்கின்றது. ஆனாலும் இலை வாடுகின்றது. சில நாற்றுகள் மாலையில் தலை தூக்கும். சில நாற்றுகள் மூன்றாம் நாள் காய்ந்த குச்சியாகிவிடும். தண்ணீர் பாய்ச்சிய நிலத்தில் நாற்று ஏன் வாட வேண்டும்?

இது சிறிய கேள்வியன்று. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 நாற்றுகள் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், ஒரு செடிக்கு 0.27 சதுர மீட்டர். பத்தில் ஒன்று பட்டுப்போனால் 1,500 நாற்றுகள் போயின. அதாவது 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகள் பதினைந்து. செத்த இடத்தில் மறுபடி நட்டுப் பாடுவாசி நிரப்பினாலும், அந்தச் செடிகள் பத்து நாள் பின்தங்கியே காய்க்கும். ஒரு குடும்பத்தின் உழைப்பு இதில் அடங்கியிருக்கின்றது.

"இயற்பியல் ஆசிரியருக்கும் நாற்றுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நாற்று வாடுவது பெரும்பாலும் ஆவியாதல், வெப்பம், காற்றோட்டம் ஆகிய மூன்றின் விளையாட்டே. இம்மூன்றும் உங்கள் இயற்பியல் பாடநூலில் இருப்பவைதாம்.

இலையின் செலவு

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் ஏராளம். தக்காளி இலையில் மேற்புறத்திலும் சில உண்டு. இவற்றை இலைத்துளைகள் என்கிறோம். கரியமிலவாயு உள்ளே வருவதற்காகச் செடி இவற்றைத் திறந்து வைக்கின்றது. கதவைத் திறந்தால் வரவேண்டியவர் மட்டுமா வருவார்? உள்ளே இருப்பதும் வெளியே போகும். இலைக்குள் இருக்கும் காற்று நீராவியால் நிறைந்த காற்று. வெளிக்காற்றில் நீராவி குறைவு. ஆகவே நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கின்றது. இதுவே நீராவிப்போக்கு.

இந்தச் செலவு எதைப் பொறுத்தது? காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 25 டிகிரி செல்சியசில் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 28 டிகிரியில் 27 கிராம். 38 டிகிரியில் 46 கிராம்.

காலையில் நிழல்வலைக் குடிலுக்குள் 28 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இருக்கும் நீராவி 22 கிராம். இன்னும் 5 கிராமுக்கே இடம் உண்டு. அதே நாள் பிற்பகல், திறந்த வயலில் 38 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 35 சதவீதம் என்போம். காற்றில் இருப்பது 16 கிராம். இடமோ இன்னும் 30 கிராமுக்கு இருக்கின்றது. குடிலை விட்டு வயலுக்கு வந்த நாற்றைச் சூழ்ந்த காற்றின் தாகம் ஆறு மடங்கு ஆகிவிட்டது!

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. ஒப்பு ஈரப்பதம் ஒன்றாக இருந்தால் ஆவியாதலும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 25 டிகிரியில் 70 சதவீதம் என்றால் 7 கிராமுக்கு இடம் உண்டு. 38 டிகிரியில் அதே 70 சதவீதம் என்றால் 14 கிராமுக்கு இடம் உண்டு. சதவீதம் ஒன்றே, தாகம் இரு மடங்கு.

வெயில் கொண்டுவரும் வெப்பம்

உடையார்பாளையம் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றது. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில், அதாவது சித்திரை முதல் வாரத்தில், நண்பகலில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. நட்டு வைத்த குச்சிக்கு அப்போது நிழலே இராது. தெளிந்த வானில் அவ்வேளை ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட்.

கணக்குக்காக ஒரு நாற்றின் மொத்த இலைப்பரப்பு 100 சதுர செ.மீ. என்று கொள்வோம். இலைகள் வெயிலை நேராக ஏற்றால் அதன்மேல் விழுவது 10 வாட். இலை இதில் பாதியளவே உறிஞ்சும். மீதி திரும்பியும் ஊடுருவியும் போய்விடும். ஆக 5 வாட், அதாவது நொடிக்கு 5 ஜூல். ஒரு மணி நேரத்தில் 18,000 ஜூல்.

இந்த வெப்பத்தை இலை என்ன செய்யும்? தேக்கி வைத்தால் வெந்துவிடும். ஒரு பகுதி காற்றோடு போகும். ஒரு பகுதி வெப்பக் கதிராக வெளியேறும். மீதியை நீரை ஆவியாக்கியே தீர்க்க வேண்டும். ஒரு கிராம் நீரை 30 டிகிரி அளவில் ஆவியாக்க ஏறத்தாழ 2,430 ஜூல் தேவை. இதுதான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும், மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதும் இதே வழியில்தான். 18,000 ஜூல் முழுவதையும் ஆவியாதலே தீர்ப்பதானால் மணிக்கு 7 கிராமுக்கு மேல் தண்ணீர் செலவாகும்.

இப்போது கையிருப்பைப் பாருங்கள். குழித்தட்டின் ஒரு குழி கொள்வது இருபது, இருபத்தைந்து கன செ.மீ. தென்னை நார்க்கழிவு. அதில் பாதி தண்ணீர் என்றாலும் பத்துப் பன்னிரண்டு கிராமே. முழு வெயிலில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கே போதும். நட்ட நாற்று முதல் சில நாட்கள் இந்தச் சிறு உருண்டையிலிருந்துதான் குடிக்கின்றது. சுற்றிலும் வயல் ஈரமாக இருந்து என்ன பயன்? வேர் அங்கே போய்ச் சேரவில்லையே!

வேரின் வரவு

வேர் உறிஞ்சிய நீர் தண்டில் உள்ள சைலக் குழாய்கள் வழியே இலைக்கு ஏறுகின்றது. இதற்குச் செடிக்குள் ஏதும் பம்பு இல்லை. இலையில் நீர் ஆவியாகும்போது பின்னால் உள்ள நீர் இழுக்கப்படுகின்றது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கூட்டிணைவு விசையால், இலை முதல் வேர் வரை நீர் ஒரே கயிறு போல் ஏறுகின்றது. இக்கொள்கையை 1894-இல் அயர்லாந்தில் டிக்சன் என்ற தாவரவியலாரும் ஜோலி என்ற இயற்பியலாரும் சேர்ந்து வெளியிட்டனர். இரு துறையினர் கைகோத்ததால் கிடைத்த விளக்கம் இது.

கயிற்றை மேலே இழுக்கும் வேகம் அதிகமாகி, கீழே நீர் வந்து சேரும் வேகம் குறைந்தால் என்ன ஆகும்? இலைச் செல்களில் உள்ள நீரே செலவாகத் தொடங்கும். காற்று இறங்கிய சைக்கிள் டியூப் போலச் செல்கள் தளரும். இலை தொங்கும். இதுவே வாடல். மேட்டுப்பாத்தியில் வளர்த்த நாற்றைப் பிடுங்கும்போது மண்ணோடு ஒட்டியிருந்த நுண்ணிய வேர்த்தூவிகள் பல அறுந்துபோகின்றன. அதனால் செலவு கூடும் வேளையில் வரவும் குறைகின்றது. குழித்தட்டு நாற்று மண் உருண்டையோடு வருவதால் வேர் சேதம் குறைவு. அதுவே அதன் சிறப்பு.

வாடத் தொடங்கிய செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். செலவு நின்றது, ஆனால் தொல்லை தீரவில்லை. ஆவியாதல் நின்றதும் இலை சூடேறும். இலையின் வெப்பநிலை 42 டிகிரிக்கு உயர்ந்தால், இலைக்குள் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 56 கிராம் நீராவி இருக்கும். வெளியே 16 கிராம். இடைவெளி 40 கிராம். துளைகள் மூடிய பின்னும், நிழலில் வளர்ந்த மெல்லிய மெழுகுப் படலத்தின் வழியே நீர் கசிந்துகொண்டிருக்கும். கரியமிலவாயு வராததால் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடும். உறிஞ்சிய ஒளியைப் பயன்படுத்த வழியின்றி இலையின் பச்சையம் சிதைகின்றது. நட்ட சில நாட்களில் இலையில் வெளிறிய திட்டுகள் தோன்றுவது இதனால்தான்.

கண்ணாடி வீட்டிலும் இதே கதை

குளிர்நாடுகளில் தக்காளியை வீட்டுக்குள் சன்னலோரத்தில் முளைக்க வைத்து, வசந்தம் வந்ததும் பசுமைக்குடிலுக்கு மாற்றுவார்கள். பிறகுதான் தோட்டத்துக்கு. அவர்கள் அஞ்சுவது குளிரை. நாம் அஞ்சுவது வெயிலை. ஆனால் அடிப்படை ஒன்றே.

பசுமைக்குடில் ஏன் வெதுவெதுப்பாக இருக்கின்றது? கண்ணாடி வெப்பக் கதிர்களைத் தடுப்பதால் என்றே பலரும் சொல்வார்கள். 1909-இல் அமெரிக்க இயற்பியலார் ஆர். டபிள்யூ. வுட் ஓர் எளிய சோதனை செய்தார். இரண்டு கறுப்புப் பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதை வெப்பக் கதிர்களை ஊடுருவ விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறின. சூடான காற்று வெளியேறாமல் அடைபட்டிருப்பதே முக்கியக் காரணம் என்று அவர் காட்டினார்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அடைபட்ட காற்று வெப்பத்தை மட்டும் காப்பதில்லை, நீராவியையும் காக்கின்றது. நீலகிரியின் மலர்ச் சாகுபடிக் குடிலானாலும், நம் ஊர் நிழல்வலைக் குடிலானாலும், உள்ளே காற்றின் வேகம் குறைவு. இலையைச் சுற்றி மில்லிமீட்டர் அளவில் ஓர் அசையாக் காற்றுப்படலம் ஈரத்தோடு ஒட்டியிருக்கும். அது நாற்றுக்கு ஒரு போர்வை. வெளியே வந்ததும் காற்று அந்தப் போர்வையை உரித்துவிடுகின்றது. ஈரத்துணி காற்றடிக்கும் நாளில் விரைவில் உலர்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்குப் பழக்குதல்

இப்போது வழியைப் பார்ப்போம். நாற்றின் செலவைத் திடீரென்று ஆறு மடங்காக்காமல், நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். வேளாண் நூல்கள் இதனைக் கடினப்படுத்துதல் என்கின்றன. இந்த நாட்களில் நாற்று சும்மா இருப்பதில்லை. இலையின் மெழுகுப் படலம் தடிக்கின்றது. புதிதாக விரியும் இலைகள் சிறியனவாகவும் கனமாகவும் வருகின்றன. செல்களில் சர்க்கரை முதலிய கரைபொருள்கள் சேர்ந்து நீரைப் பிடித்து வைக்கின்றன. தண்டு உரம் பெறுகின்றது.

நிழலில் விரிந்த பழைய இலை முழுமையாக வெயில் இலையாக மாறிவிடாது; புது இலை வந்தாக வேண்டும். அதற்கு நாட்கள் தேவை. ஒரே நாளில் பழக்கிவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

நம் பகுதி வெயிலுக்கு ஏற்ற ஒரு முறை:

முதல் இரண்டு நாள்: காலை எட்டரை மணி வரை மட்டும் வெயில்.

மூன்று, நான்காம் நாள்: காலை பத்து மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் வெயில்.

ஐந்து, ஆறாம் நாள்: நண்பகல் வரை வெயில்.

ஏழாம் நாள்: பகல் முழுவதும் வெயில்.

இந்த நாட்களில் தண்ணீரையும் சிறிது குறைக்க வேண்டும். நார்க்கழிவின் மேற்பரப்பு உலர்ந்த பிறகு பூவாளியால் ஊற்றினால் போதும். ஆனால் வாடும்வரை விடக்கூடாது. நண்பகலில் சற்றே தளர்ந்து மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. காலையிலேயே தொங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். நிழல்வலை இல்லாமல் தென்னங்கீற்றுப் பந்தலில் நாற்று விட்டவர்கள், நாளுக்கு இரண்டு கீற்றாக உருவி எடுத்தாலே இதே பயன் கிடைக்கும். பத்து நாளுக்கு மேல் நீட்டவும் கூடாது. குழிக்குள் வேர் சுருண்டு, செடி முற்றி நின்றுவிடும்.

நடும் நாளிலும் இயற்பியலை மறக்க வேண்டாம். மாலையில் நடுங்கள், இரவு முழுவதும் காற்றின் தாகம் குறைவாக இருப்பதால் வேர் கணக்கைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். நடுவதற்கு முன் குழித்தட்டை நன்றாக நனையுங்கள். வெயில் நாளில் நண்பகலில் வெற்றுச் செம்மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. அது இளந்தண்டின் அடியைச் சுடும். வைக்கோலோ கடலைத் தோலோ மூடாக்காகப் பரப்பினால் சூடும் குறையும், மண்ணின் ஈரமும் நிற்கும். மூன்றாம் நாள் பாய்ச்சும் தண்ணீருக்கு நம் உழவர்கள் 'உயிர்த் தண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உருண்டையில் இருந்த நீர் தீர்ந்து, புது வேர் வெளி மண்ணைத் தேடும் வேளை அது. பெயர் பொருத்தமானதே!

செய்து பாருங்கள்

இலண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீவன் ஹேல்ஸ் 1727-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை, தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடிவிட்டு, நாள்தோறும் காலையும் மாலையும் எடை போட்டுப் பார்த்திருந்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் அது சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 570 கிராம் நீரை வெளியேற்றியது. அவரிடம் இருந்தது ஒரு தராசு மட்டுமே. ஒரு கிராம் வரை காட்டும் தராசு இன்று மளிகைக் கடையிலேயே இருக்கின்றது. நீங்களும் தொடங்கலாம்.

சோதனை 1: ஒரே அளவுள்ள இரு கோப்பைகளில் ஒரே வயது நாற்றுகளை நட்டு நீர் ஊற்றுங்கள். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி, தண்டைச் சுற்றிக் கோப்பையின் வாயைப் பாலிதீன் தாளால் கட்டுங்கள். நாற்று இல்லாத மூன்றாவது கோப்பையையும் நனைத்து அதேபோல் கட்டுங்கள். ஒன்றை நிழலிலும், மற்ற இரண்டையும் வெயிலிலும் வைத்து, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மணிக்கொரு முறை எடை பாருங்கள். நேரத்தை எதிர்த்து எடையை வரைபடமாக வரையுங்கள். வெயில் நாற்றின் கோடு எந்த மணிக்குச் செங்குத்தாக இறங்குகின்றது? பிறகு எப்போது சாய்வு குறைகின்றது? இலைத்துளைகள் மூடிய நேரத்தை அந்த வளைவே உங்களுக்குச் சொல்லும்.

சோதனை 2: பத்துப் பத்தாக மூன்று குழு நாற்றுகளை எடுங்கள். முதல் குழுவை நிழலிலேயே வைத்திருந்து நேராக நடுங்கள். இரண்டாம் குழுவை மேலே சொன்னபடி ஏழு நாள் பழக்கி நடுங்கள். மூன்றாம் குழுவையும் அவ்வாறே பழக்குங்கள். அதோடு நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு மெல்லிய குச்சியால் நாற்றின் தலையை இருபது முறை மென்மையாகத் தடவி அசையுங்கள். அசைக்கப்படும் செடி குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும். இதனை ஆராய்ந்த அமெரிக்கத் தாவரவியலார் ஜாஃப், 1973-இல் இதற்கென ஒரு தனிப் பெயரே சூட்டினார். காற்றே இல்லாத அறையில் வளரும் நாற்று ஒல்லியாக நீண்டு சாய்வதற்குக் காற்றின்மையும் ஒரு காரணம் என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்று குழுக்களையும் ஒரே மாலையில், ஒரே பாத்தியில், ஒரே அளவு நீர் விட்டு நட வேண்டும். நிழலில் இருந்த குழு தவறிவிடும் என்று முன்பே முடிவு கட்டிக்கொண்டு அதைக் குறைவாகக் கவனிக்காதீர்கள். அது சோதனை ஆகாது. எத்தனை நாற்றுகள் நண்பகலில் வாடின, மாலையில் எத்தனை எழுந்தன, புது இலை எந்த நாளில் வந்தது, பத்தாம் நாள் எத்தனை உயிரோடு உள்ளன என்று அட்டவணை எழுதுங்கள். பத்து நாற்று சிறிய எண்ணிக்கையே. வகுப்பில் ஐந்து பேர் செய்து எண்களைக் கூட்டினால் முடிவு வலுப்பெறும். சோழமாதேவியில் உள்ள வேளாண் அறிவியல் மையத்துக்கு ஆசிரியருடன் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அட்டவணையையும் கையோடு கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வயலிலோ அடுத்த முறை நாற்று நடும்போது, அந்த அட்டவணையைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததற்கு நீங்கள் எண் தருகிறீர்கள். எந்த நாளில் நிழலை எடுப்பது என்று சேர்ந்து முடிவு செய்ய அது உதவும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மேகமூட்டமான, ஆனால் பலத்த காற்று வீசும் நாளில் நடுவது நல்லதா? வெயில் உள்ள, ஆனால் காற்றே இல்லாத நாள் நல்லதா? காரணம் கூறுக.

2. நடும்போது நாற்றின் அடி இலைகள் இரண்டைக் கிள்ளிவிடுவோர் உண்டு. இது நீர்க் கணக்கின் எந்தப் பக்கத்தை மாற்றுகின்றது? இதனால் இழப்பும் ஏதேனும் உண்டா?

3. ஈரமான கொட்டகையில் வளர்த்த முந்திரி ஒட்டுக்கன்றை வாங்கி வந்த அன்றே வெயிலில் நடலாமா? தக்காளி நாற்றுக்கு நாம் போட்ட கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள்.